களிம்பேறிய கைப்பிடி

பார்வையாளர் நேர மணி அடித்து ஓய்கிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு ஆஸ்பத்திரி; காய்ச்சல் வார்டின் கதவு முன்னே ஹபீலா இடுப்பில் குழந்தையோடு நிற்கிறாள். உள்ளே அவள் கணவன் இப்திகார் இருமுவது தகரத்தைச் சுரண்டுவதுபோல ஓயாமல் கேட்கிறது. கதவின் கைப்பிடிக்குச் செம்பு பூசியிருக்கிறார்கள். ‘இதில் வைரஸ் நெடுநேரம் பிழைக்காது, இதைப் பிடித்தே திறக்கவும்’ என்று மூன்று மொழியிலும் மேலே ஒட்டியிருக்கிறது. துறைமுகக் காற்றுப் பட்டுச் செம்பு கறுத்து, ஓரங்களில் பச்சை படர்ந்திருக்கிறது. “கைப்பிடியப் பிடிங்க அக்கா, கறுத்தாலும் அது வேல செய்யும்,” என்கிறாள் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் தாதி மேனகா. ஹபீலா பின்வாங்குகிறாள். “அது களிம்பு, மகள். களிம்பு ஏறின சஹன் தட்டுல எங்கட வீட்டுல சோறே போட மாட்டோம். புள்ளயையும் வெச்சிக்கொண்டு எப்பிடித் தொடுற?” கைப்பிடிக்குப் பக்கத்தில் கதவின் கண்ணாடி. மத்தியான வெயில் சாய்ந்து விழ, அதில் உள்ளங்கைத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. களிம்புக்குப் பயந்த அத்தனை பேரும் அங்கேதான் தள்ளியிருக்கிறார்கள். அவளும் அங்கேயே ஐந்து விரலையும் பதித்துத் தள்ளுகிறாள். கதவு திறக்க, இருமல் வெளியே பாய்ந்து வருகிறது. குழந்தை மிரண்டு வீறிடுகிறது. ஹபீலா பதறி அதன் கன்னத்தைத் தடவுகிறாள். பல் முளைக்கும் குழந்தை, கண்ணாடியில் பதிந்த அந்த விரலைப் பிடித்து வாய்க்குள் இழுத்துக்கொள்கிறது. வண்டியை விட்டுவிட்டு மேனகா ஓடி வருகிறாள். விரலைச் சப்பத் தொடங்கிய குழந்தையின் அழுகை நின்றுவிடுகிறது.