இரண்டு மெஹிட்டபெல்

மாசசூசெட்ஸில், எங்கள் ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் மூன்று பேர் இருக்கிறோம். தங்கை லோயிஸ் கல்மதிலின் மேல், கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. அவள் கணவர் மெர்ல் மடக்கு நாற்காலியில், காபி ஃபிளாஸ்கோடு. நான் புல்லில், மடியில் பதில் எழுதக் கடிதத்தாள். எங்கள் வம்சாவளிப் புத்தகத்தைத் தொகுக்கும் உறவுக்காரி வெர்னா ஒஹாயோவிலிருந்து எழுதியிருக்கிறாள்: உங்கள் மூதாதை மெஹிட்டபெல் ஹாஸ்கின் 1731-இல் இரண்டு வயதில் இறந்துவிட்டாள், கல்லைப் பார்த்தேன், வம்சாவளிப் புத்தகத்திலிருந்து உங்கள் கிளையை எடுத்துவிடுகிறேன். அந்தச் சின்னக் கல் என் முழங்காலருகே நிற்கிறது. பக்கத்துப் பெரிய கல்லில் ‘மெஹிட்டபெல், ஜோசையா கிரேனின் மனைவி’ என்பது மட்டும் தெரிகிறது. மற்றது தேய்ந்து மங்கியிருக்கிறது. லோயிஸ் கண்ணாடியைச் சாய்க்க, வெயில் பெரிய கல்லின் மேல் பக்கவாட்டில் வழுக்குகிறது. தேய்ந்த எழுத்துகளில் நிழல் ஊறி, அவை தெளிகின்றன.

“ஆட்டாதே, லோயிஸ்.”

“கொசு கடிக்குதுக்கா. சீக்கிரம் படி.”

“ஆமோஸ் ஹாஸ்கினின் மகள். பிறப்பு 1732.”

“செத்த மறுவருஷமே பொறந்துட்டாளா?” என்கிறார் மெர்ல்.

“இவ அந்தக் குழந்தையோட தங்கச்சி. மூத்தது போயிட்டா அடுத்ததுக்கு அதே பேரை வைப்பாங்க, அப்பல்லாம்” என்கிறேன்.

“பேரைக்கூட வீணாக்கலையே. உங்க ஆளுங்கதான், சந்தேகமே இல்லை” என்று சிரிக்கிறார் மெர்ல்.

லோயிஸ் சிரிக்கவில்லை. கண்ணாடி வெளிச்சம் மெல்ல நகர்ந்து சின்னக் கல்லின் மேல் வந்து நிற்கிறது. “இவளையும் போடச் சொல்லு.”

“இவளுக்குக் கீழே யாரும் இல்லையே.”

“இருக்கட்டும். பேரு முதல்ல இவளோடதுதானே.”

கடிதத்தின் அடியில் இரண்டு கோடுகள் வரைகிறேன்; ஒன்று எங்கள் வரைக்கும் நீள்கிறது, மற்றது தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. லோயிஸ் உறையின் ஓரத்தை நாவால் நனைத்து ஒட்டுகிறாள். வீடு திரும்பியதும் சாலையோரம் இருக்கும் எங்கள் தபால் பெட்டியில் போட்டு, தபால்காரர் பார்த்து எடுத்துப்போக அதன் சிவப்புக் கொடியை நிமிர்த்துகிறாள்.