பச்சைப் புள்ளி

சர்வர் சாகவில்லை. செத்திருந்தால் மெரியானாவுக்கு நிம்மதி.

உயிரோடு இருந்துகொண்டே வாய் திறக்க மறுத்தது.

வெள்ளத்தில் ரேடியோ கோபுரம் காலையிலேயே சாய்ந்துவிட்டது. கூரைமேல் நிற்பவர்களும் மீட்புப் படகுகளும் உதவி கேட்க, அவள் ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய இந்தச் சர்வர் ஒன்றுதான் வழி. ஊர்ப் பொருட்காட்சித் திடலின் கொட்டகையில் ஈர பூட்ஸோடு ஆட்கள். அடுப்புத் தட்டில் சாசேஜ் கருகிக்கொண்டிருந்தது. புரட்டிப்போட ஆளில்லை.

"என்னம்மா, உன் பெட்டி படுத்துருச்சா? பசங்க எஞ்சினக் கட்டிப்புடிச்சிட்டு நிக்கிறானுங்க!" படகுகளை அனுப்பும் கொலின் வாசலில் நின்று கத்தினார்.

"படுக்கல. எவனோ சாவிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

டேட்டாபேஸுக்கு எட்டு இணைப்புகள். எட்டையும் எட்டு அழைப்புகள் பிடித்திருந்தன. அந்த எட்டும் காத்திருந்தது ஒரே பூட்டுக்காக. படகுகளின் இருப்பிடம் கிடக்கும் பொதுப் பலகையின் பூட்டு. மற்ற எல்லாரும் பின்னால் வரிசையில். சர்வரை அணைத்துப் போட்டால் அந்த வரிசையே தொலைந்துபோகும்.

பூட்டை வைத்திருப்பது யார்?

எழுந்தாள். உட்கார்ந்தாள். நகத்தைக் கடித்தாள்.

பக்கத்து லேப்டாப்பில் பச்சைப் புள்ளி. மீட்புக்குப் போன தம்பி ரவீரியின் படகு. அரைமணிக்கு முன் இந்தப் பக்கத்தைத் திறந்தபோது பாலத்தருகே இருந்தது. இப்போதும் அங்கேயே. சர்வர் நின்றதால் புள்ளியும் நிற்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பலகையில் இரண்டு பேர் ஒன்றாகக் கைவைத்தால் ரஸ்ட் கத்தும். ஒருவரே பிடித்துக்கொண்டு விடாமலிருந்தால் கண்டுகொள்ளாது.

நிரலை மேலிருந்து கீழாக ஓட்டினாள். ஒரு பக்கத்துக்கான நிரலில் விரல் நின்றது. பூட்டை எடுக்கிறது. பக்கத்தை மூடும்வரை விடுவதே இல்லை.

நேற்று அவசரமாக எழுதியது. யாரிடமும் சொல்லாமல், தம்பியைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்காக.

பச்சைப் புள்ளி இருந்த லேப்டாப்பை மூடினாள்.

மடை திறந்தது. அழைப்புகள் விழத் தொடங்கின. முதல் அழைப்பு வந்து இருபது நிமிடமாகியிருந்தது.

"அக்கா, எஞ்சின் நின்னுடுச்சு. பாலத்துக் கம்பியப் புடிச்சிருக்கேன்."

"எடுங்கடா படக!" கொலின் ஓடினார்.

இரண்டாவதும் அவன்தான்.

"இன்னும் புடிச்சிருக்கேன்."

மூன்றாவது, யாரோ ஒருவர், ஒரு கூரையிலிருந்து. நான்காவது ஒரு பள்ளிக்கூடக் கூரை. வரிசையின் கடைசிவரை தம்பியின் குரலைத் தேடினாள்.

எல்லாம் கூரைகள்.