பச்சைப் புள்ளி

"ரூட்டர் நல்லாத்தான் இருக்கு, கோ டேனி," என்றான் க்யிம்யிண்டைங் பேட்டைக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்திருந்த ஆல்பின், பர்மிய வழக்கப்படி என்னை அண்ணனாக்கி. "உங்க லேப்டாப் மட்டும்தான் சேர மாட்டேங்குது."

"கரண்ட் போறதுக்குள்ள சரி பண்ணுப்பா," என்றார் என் மாமனார் சிங்கராயர். "நாளைக்குச் சிங்கப்பூர்ல என் வீட்டுக்காரிக்கு இதய ஆபரேஷன். மக ஷைலாகிட்டப் பேசாம போகமாட்டேன்னு அடம் பிடிக்கிறா."

"அக்காவைப் போன்ல பேசச் சொல்லலாமே?"

"அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு. சாட்டிங் போதும்."

ஆல்பின் பாஸ்வேர்டை மறுபடி போட்டுப் பார்த்தான். ரூட்டரை அணைத்துப் போட்டான். கடைசியில் லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான்.

"ஓரத்துல இருக்கிற வைஃபை சுவிட்சை அணைச்சு வச்சிருக்கீங்க! வீட்டுல பேய் ஏதும் இருக்கா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சுவிட்சைத் தள்ளியதும் திரையில் ஷைலாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தது. அத்தையின் வரி வந்து விழுந்தது: 'மூணு நாளா எங்கேடி போன?'

"அக்காவைக் கூப்பிடுங்க," என்றான் ஆல்பின்.

"குளிக்கிறா," என்றார் மாமா. அவனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நீங்கதான் அணைச்சீங்களா, மாப்பிள்ளை?"

"இனிமே என்னால முடியாது, மாமா."

"ஆபரேஷன் முடியட்டும். அப்புறம் நானே சொல்லிடறேன்."

நான் தட்டினேன்: 'தைரியமா போங்கம்மா. நான் நல்லா இருக்கேன்.'

'மாப்பிள்ளை உன்னை நல்லாப் பாத்துக்கிறாரா?'

ஷைலாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் பெயரில் எத்தனையோ பொய் எழுதிவிட்டேன். இந்தக் கேள்விக்கு மட்டும் விரல் நகரவில்லை.

மாமா குனிந்தார். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி, 'ஆமா' என்று தட்டினார்.