திருவிழாவுக்கு வந்த தம்பி

“கதவைச் சாத்துடா” என்றான் கறிக்கடைக்காரன். வெளியே பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. உள்ளே யார் என்ன கத்தினாலும் இனி ஈ காக்காய்க்குக்கூடக் கேட்காது.

லாரி டிரைவரான அவன் தம்பி தாழ்ப்பாளைப் போட்டான். வேதக்கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்தச் சாமான் அறையில், பழைய பெஞ்சுகளுக்கும் மெழுகுவத்தித் தண்டுகளுக்கும் நடுவே வெல்டர் நின்றிருந்தான். ஓடுவதற்கு அவன் வழி தேடவில்லை.

அண்ணன் தம்பி இருவருக்கும் மூத்தவர் ஒருவர் இருந்தார். தூங்கிக்கொண்டிருந்த அவரைக் கம்பியால் அடித்துக் கொன்றதாக ஒப்புக்கொண்டு, ஜெயிலுக்குப் போனவன் இந்த வெல்டர். வேற்று ஆள்கூட இல்லை. செத்தவரின் மச்சினன், அண்ணியின் கூடப்பிறந்த தம்பி.

போன வாரம்தான் வெளியே வந்தான். வந்தவன் எங்காவது கண்காணாத இடத்துக்குப் போய்த் தொலையாமல், ஊர்ப் பாதுகாவலரான புனிதரின் திருவிழா அன்று கோயிலுக்கே வந்துவிட்டான். அதோடு நின்றானா? பூசையில் கூச்சமே இல்லாமல் வரிசையில் போய், பெரும் பாவம் சுமப்பவர்கள் தொடக் கூடாத நற்கருணை அப்பத்தை வாங்கினான்.

அதே பூசையில் அண்ணி, வழக்கம்போலத் தன் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. திருவிழாப் பந்திக்கு வருஷா வருஷம் முன்னால் நின்று சமைக்கிறவள் அவள்தான். ஆனால், புருஷன் செத்த நாளிலிருந்து நற்கருணை வாங்கியதே கிடையாது. கொன்றவனை மன்னிக்க மனசு வரவில்லை, பாவம் என்று கோயிலே உச்சுக்கொட்டும்.

“இந்தக் கையைத்தானே நீட்டி வாங்கின?”

கறிக்கடைக்காரன் வெல்டரின் வலது கையைப் பெஞ்சின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தான். டிரைவர் ஒரு பித்தளைத் தண்டை உருவி, ஓங்கி அடித்தான். விரல்கள் முறிகிற சத்தம் பேண்டையும் மீறிக் கேட்டது.

வெல்டர் அலறலைப் பல்லுக்குள் விழுங்கினான். “அடிங்க... முகத்துல மட்டும் வேண்டாம். அக்கா பார்த்தா தாங்க மாட்டா.”

“அக்காவாம் அக்கா! அவ வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டப்போ அக்கான்னு தெரியலையா?”

அடுத்த குத்து முகத்திலேயே விழுந்தது. பல் ஒன்று தெறித்து, மூலையில் மடித்து வைத்திருந்த பீடத் துணியில் ரத்தம் சிதறியது.

“எங்க அண்ணன் கைநீட்டுறவர்தான், இல்லைங்கல. குடிச்சா கண்ணு மண்ணு தெரியாது. அதுக்கு? புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். மனுஷனைக் கொன்னுடுவியா?”



பேண்டு ஓய்ந்தது. ஒலிபெருக்கியில் ஃபாதரின் குரல் வந்தது. “பவனி முடிஞ்சதும் எல்லாரும் நேரா பந்திக்கு வந்துடுங்க. இன்னைக்கு நாம எல்லாரும் ஒரே குடும்பம். யாரும் சாப்பிடாம போகக் கூடாது.”

“இவனுக்கு நாங்க பரிமாறிக்கிறோம் ஃபாதர்” என்று சொல்லி, டிரைவர் அவன் வயிற்றில் எட்டி உதைத்தான்.

வெல்டர் மடங்கி விழுந்தான். மூச்சு வராமல் தரையில் புரண்டான். “பாப்பாவை ஒரு தடவை தூரத்துல இருந்து பார்க்கணும்னுதான் வந்தேன். பூக்கூடையோட போனா. பார்த்துட்டேன். போயிடறேன், விட்டுடுங்க.”

பாப்பா, அண்ணியின் மகள். அவன் ஜெயிலுக்குப் போனபோது கைக்குழந்தை.

“எங்க வீட்டுப் பொண்ணைப் பார்க்க நீ யாருடா?” கறிக்கடைக்காரனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. காலையில் பந்திக்குக் கறி போட்ட கத்தி இடுப்பிலேயே இருந்தது. உருவி, வெல்டரின் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி, தொண்டையில் வைத்தான்.

கதவு தடதடத்தது.

“யாரு உள்ள? பந்திக்குப் பெஞ்சு பத்தலை. திறங்க!”

அண்ணியின் குரல். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டிரைவரே போய்த் தாழ்ப்பாளை நீக்கினான்.

சமையல் புகையோடும் ஈரக் கையோடும் உள்ளே வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

“வாங்க அண்ணி” என்றான் கறிக்கடைக்காரன். “இத்தனை வருஷமா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தீங்களே, இன்னைக்கு அணைச்சுடுங்க. உங்க கையாலயே முடிங்க. கேஸு வந்தா நான் பார்த்துக்கறேன்.” கத்தியை அவள் கையில் திணித்தான்.

வெல்டர் ரத்தம் ஒழுகும் வாயால் பதறினான். “அக்கா, வேண்டாம்க்கா! பாப்பாவை நினைச்சுக்கோ. போயிடு!”

“உயிருக்கு எப்படிக் கெஞ்சறான் பாருங்க” என்று டிரைவர் சிரித்தான்.

அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். கத்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் தம்பியின் முகத்தைத் துடைத்தாள். நசுங்கிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

கறிக்கடைக்காரனுக்குப் பொறுக்கவில்லை. “என்ன அண்ணி இது? பெத்த பிள்ளை மாதிரி துடைக்கிறீங்க! கட்டின புருஷன்மேல துளிப் பாசம் இருந்தா இவனைத் தொடுவீங்களா?”

அவள் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிடியைக் கொழுந்தன் பக்கம் நீட்டினாள். முனை அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

“அக்கா, சொல்லாதே!” என்று வெல்டர் கத்தினான்.

வெளியே மறுபடியும் பேண்டு முழங்கத் தொடங்கியது. ஆனாலும் அவள் சொன்னது இருவருக்கும் தெளிவாகக் கேட்டது.

“உங்க அண்ணனைக் கொன்னது நான்.”