யூ மரம் நின்ற இடம்

மரத்தைத்தான் அவள் முதலில் கண்டுகொண்டாள்.

தேவாலய மண்டபத்தில் பழைய சாமான் விற்பனை. கிண்ணங்களுக்கும் கம்பளிச் சட்டைகளுக்கும் நடுவே சாய்த்து வைத்திருந்த சின்னப் படம். செப்புத் தகட்டில் மயிரிழைக் கோடுகளாய்க் கீறி அச்சிட்டது. குட்டைக் கோபுரம், கல்மதில், சரிந்த கல்லறைகள். நடுவில், அடிமரம் இரண்டாய்ப் பிளந்த அந்த யூ மரம்.

மூலையில் பென்சிலால் 1887 என்றிருந்தது.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

மரத்தடியில் சிறகு முளைத்த முகம் செதுக்கிய கல். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், கால் தள்ளாடியபோது அவள் பிடித்துக்கொண்டு நின்ற கல். அதன் பக்கத்தில்தான் அவளும் கணவரும் தங்கள் குழந்தையைப் புதைத்தார்கள். இரண்டே நாள் இருந்த பிள்ளை. அடையாளத்துக்கு மரம் இருக்கிறதே என்று தனியாகக் கல் நடவில்லை.

மூன்றாம் வருடம் புயலில் மரம் விழுந்தது. பிறகு, தேவாலயத்தார் புல் வெட்ட வசதியாகக் கற்களையெல்லாம் பிடுங்கி மதிலோரம் சாத்திவிட்டார்கள். அன்றிலிருந்து வருடா வருடம் வெறும் புல்வெளியில், உத்தேசமாய் ஓரிடத்தில் இருவரும் பூ வைத்துவிட்டு வருவார்கள்.

படத்தில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கோடே இல்லை. ஒவ்வொரு புல்லையும் கீறியவன், அந்த ஒரு முழத்தை மட்டும் வெள்ளையாய் விட்டிருந்தான்.

அவள் அந்த வெள்ளை இடத்தை விரலால் தொட்டாள்.

மண்டபத்துக்குப் பின்னாலேயே கல்லறைத் தோட்டம். படத்தை வாங்கிக்கொண்டு கணவரை அங்கே அழைத்துப் போனாள்.

"முப்பத்தெட்டு வருசமாகுது. படத்தை வச்சோ நிலம் தேடுறது?" என்றார் ராசநாயகம்.

அவள் படத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கோபுர விளிம்பும் மதில் வாசலும் படத்தில் உள்ளபடியே பொருந்தும்வரை பின்னால் பின்னால் நடந்தாள்.

பொருந்தியது.

யாரோ ஒரு மனிதன் அன்று உட்கார்ந்து பார்த்த இடம் இதுதான். அவன் கண்ணால் இப்போது அவள் பார்த்தாள்.

"நீங்கள் போய் நில்லுங்கோ. நான் சொல்லுறன்."

அவளுக்காகத்தான் அவர் புல்வெளியில் இறங்கினார்.

"இன்னும் கொஞ்சம் வலப்பக்கமா."

நகர்ந்தார்.

"முன்னுக்குப் போங்கோ. இன்னும் நாலடி."

இத்தனை வருடமாய்ப் பூ வைத்த இடத்தைத் தாண்டி அவர் வெகுதூரம் போய்விட்டிருந்தார்.

"அதிலதான்."

ராசநாயகம் கீழே பார்த்தார். இருட்டில் தூங்குகிறவர்மேல் கால் வைக்கப் போனவர்போலச் சட்டென்று ஓரடி பின்வாங்கினார்.

பிறகு குனிந்து, காலில் இருந்த சப்பாத்துகளைக் கழற்றத் தொடங்கினார்.