ஒரே ஒயரில் இரண்டு டிரைவ்

“முன்னாடி நடந்தது எதையும் எங்கிட்டச் சொல்லாதீங்க. எனக்குத் தாங்காதுங்க.”

“சரிங்க. சொல்ல மாட்டேன்.”

பதினைந்து வருடத்துக்கு முன், ஜெகதளாவில் பெண் பார்க்கப் போன அன்று, வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஜீவிதாவும் கருணாகரனும் தனியாகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவனுக்கு மூன்று வயதில் மகள் இருந்தாள். முதல் மனைவி பூங்கொடி இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

கொடுத்த வாக்கை அவன் காப்பாற்றினான்.

சுவரில் பூங்கொடியின் படம் மாட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பூ வைப்பதும் ஜீவிதாதான். ஆனால் படத்தில் இருப்பவளைப் பற்றி அந்த வீட்டில் ஒரு பேச்சு எழுந்ததில்லை. மகள் மனிஷா ஜீவிதாவை அம்மா என்று கூப்பிட்டு, அவளிடம் அடி வாங்கி, அவள் மடியிலேயே தூங்கி வளர்ந்தாள்.

நாளை காலை முதல் பஸ்ஸில் மனிஷா கோயம்புத்தூருக்குக் கிளம்புகிறாள். கல்லூரி, விடுதி.

போன வாரம் அவள் அப்பாவிடம் மட்டும் மெல்லக் கேட்டாள். “ஏம்ப்பா, படத்துல இருக்கற அம்மாவோட குரல் எப்படி இருக்கும்?”

கருணாகரனின் கண் பீரோ மேலே போனது.

அந்தக் குரல் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சம் இருந்தது. மகளின் முதல் பிறந்தநாளில் எடுத்த சிடி. ஜீவிதாவுடனான கல்யாணத்துக்கு முந்தைய நாள் அதை ஒரு மோட்டார் புத்தகத்துக்குள் செருகி, பீரோ மேல் போட்டவன்தான். அதற்குப் பிறகு தொடவில்லை. ஜீவிதாவுக்குத் தெரியாமல் போட்டுக் காட்ட மனம் ஒப்பவில்லை. தெரிந்து காட்டுவதென்றால் அவளிடம் வாய் திறந்து கேட்க வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஜீவிதா குன்னூர் பழைய சாமான் கடையிலிருந்து மலிவாக ஒரு சிடி டிரைவ் வாங்கி வந்து நின்றாள்.

“பாட்டு சிடியெல்லாம் சும்மா கெடக்குதுங்க. மாட்டிக் குடுங்க.”

ஞாயிறு மத்தியானம் மனிஷா தோழியிடம் சொல்லிக்கொள்ளப் போன பிறகு, கருணாகரன் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். கீழ் கோத்தகிரித் தேயிலை ஃபேக்டரியில் அவன் எலக்ட்ரீஷியன். எஸ்டேட் ஆபீஸில் வேண்டாமென்று கழித்துவிட்ட கம்ப்யூட்டர் அது. அதிலிருந்த சிடி டிரைவ் செத்துப் பல வருடம் ஆகிறது. பெட்டி கறுப்பு, புது டிரைவ் வெள்ளை.

“எருமைக்குப் பல்லுக் கட்டுன மாதிரி இருக்குது புள்ள.”

“மென்னாப் போதாதுங்களா? அதென்ன பொண்ணு பாக்கவா போகுது?”

ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற பட்டை ஒயரிலேயே டிரைவையும் மாட்டி ஸ்விட்சைப் போட்டான். திரை கறுப்பாகவே நின்றது. புதியதும் தெரியவில்லை, இத்தனை நாள் ஒழுங்காக ஓடிய பழைய ஹார்ட் டிஸ்க்கும் தெரியவில்லை.

கழற்றினான், ஊதினான், மாட்டினான். முக்கால் மணி நேரம் போனது. ஃபேக்டரியில் மோட்டார் புகைந்தாலும் பதறாதவனுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவள்தான் டிரைவின் முதுகில், ஊசிகளின் மேல் ஒரு பொட்டு அளவு மூடி இருப்பதைக் காட்டினாள். “இது என்னங்க?”

ஜம்பர். ஒரே ஒயரில் மாட்டும் இரண்டில் எது முதல், எது இரண்டாவது என்று சொல்வது அந்த மூடிதான். அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஹார்ட் டிஸ்க்கின் ஜம்பரும் முதல் இடத்தில் இருந்தது, இதுவும் முதல் இடத்தில் இருந்தது.

“ரெண்டும் நாந்தான் மொதல்னு நிக்குது. ஒண்ணு ரெண்டாவதா இருக்கோணும் புள்ள.”

“இருந்துட்டுப் போகட்டுமே. ரெண்டாவதா வந்தது பாடாமயா போயிரும்?”

அவன் நிமிர்ந்தான். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் ஆடாமல் நின்றது.

மூடியை இழுத்து அடுத்த ஊசியில் செருகினான். பெட்டி முனகியது. பச்சை விளக்கு கண்ணைத் திறந்தது.

முதல் பாட்டு திக்கித் திக்கி வந்து பிறகு தெளிந்தது. ஜீவிதா கூடவே முணுமுணுத்துக்கொண்டு டீ போட்டாள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. டீ தொண்டையில் இதமாக இறங்க, இப்படி ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையை வாயைத் திறந்து கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று கருணாகரன் யோசித்தான். ஆனால் விடிந்தால் மகள் போய்விடுவாள்.

ஜீவிதா டம்ளர்களோடு அடுக்களைக்குப் போனதும் எழுந்தான். கேட்டுவிடுவது என்றே பீரோ மேலிருந்து மோட்டார் புத்தகத்தை இறக்கினான். அட்டையெல்லாம் பூஞ்சை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன.

உள்ளே சிடி இல்லை.

புத்தகத்தைக் கவிழ்த்து உதறினான். அவன் திரும்பினான்.

ஜீவிதா ஒரு பிஸ்கட் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். மூடியைத் திறந்தாள். வெள்ளைத் துணியில் கையால் தைத்த உறை. அதற்குள் ‘மனிஷா முதல் பிறந்தநாள்’ என்று அவன் எழுதிய சிடி. கீறல் இல்லை, ஒரு புள்ளி பூஞ்சை இல்லை.

“நான் வந்த மொத மழைக்கே அந்தப் பொஸ்தகம் பூத்துப்போச்சுங்க. அதான் எடுத்து அடுக்களைல, ஈரம் படாத எடமாப் பாத்து வெச்சேன். ஒவ்வொரு மழைக்கும் தொடச்சு வெச்சேன். போன வாரம் மனிஷா உங்ககிட்டக் கேட்டது எங்காதுலயும் விழுந்துச்சுங்க.”

அவன் மோட்டார் புத்தகத்தைக் கீழே வைத்தான்.

வாசலில் மனிஷா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஜீவிதா உறையை அவன் கையில் வைத்தாள். விரல்களை மட்டும் எடுக்கவில்லை.

“ஏனுங்க… அப்பனும் மகளும் பாக்கறப்ப நானும் பக்கத்துல உக்காந்துக்கட்டுங்களா? அவங்க பேசறத ஒருக்காக் கேக்கோணும்.”