முக்கால் சுற்று

கைப்பிடியை முக்கால் சுற்றுச் சுற்றினால் பெட்டி சிக்கிக்கொள்கிறது.

எண்ணெய் விட்டாயிற்று. பல்சக்கரங்களைக் கழுவியாயிற்று. அதே இடத்தில் டக்கென்று நிற்கிறது.

ஜெர்மனியில், காசல் நகருக்குப் பக்கத்திலுள்ள ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் ஜெயமலர் பழைய இயந்திரப் பொம்மைகளைப் பழுது பார்ப்பவள்.

பெட்டிக்குள் ஒரு போர். அமெரிக்கா தன் விடுதலையை அறிவித்த வருடம், புரூக்ளின் காடு. இங்கிலாந்து அரசன் வாடகைக்கு எடுத்துப் போன இந்த ஊர்ச் சிப்பாய்கள் நீலச் சட்டையில் நிற்கிறார்கள். எதிரே, மரங்களில் முதுகு ஒட்டியபடி, கிளர்ச்சிக்காரர்கள். எல்லாம் விரல் உயர ஈயப் பொம்மைகள்.

அது வேலை செய்யும் விதம் எளிது, அழகானது. கைப்பிடி ஓர் அச்சைச் சுற்றும். அச்சில் இரண்டு வட்டுகள். இரண்டுக்கும் துளை நடுவில் இல்லை, ஓரத்தில். ஆகவே சுற்றும்போது ஒரு பக்கம் மேடாக எழும். அந்த மேடு ஒரு கம்பியைத் தள்ளும். ஒரு வட்டு சிப்பாய்களின் துப்பாக்கிமுனைக் கத்திகளை முன்னே நீட்டும். மற்றது கிளர்ச்சிக்காரர்கள் மார்பில் மடித்து வைத்திருக்கும் கைகளை மேலே தூக்கும்.

பெட்டி கைக்கு வந்ததும் துடைப்பதற்காக வட்டுகளைக் கழற்றியவள் அவள்தான். திரும்ப மாட்டும்போது எது முதல், எது பிறகு என்று யோசிக்கவேயில்லை. கத்தி முன்னே வரும். கை மேலே போகும். சண்டை முடியும்.

ஆனால் கத்தி, மடிந்த கைகளில் முட்டி நிற்கிறது.

கைபேசி அடித்தது. வதனி. அண்ணன் தாரகனின் மனைவி. ஈழத்தில் போர் முடிந்த அன்று அண்ணன் இராணுவத்திடம் சரணடையப் போனான். இன்னும் வரவில்லை.

"மச்சாள், கோயில் ஐயர் இந்த வருசமாவது அவருக்குத் திதி செய்வமோ எண்டு கேக்கிறார். நீங்கள் ஓம் எண்டால் செய்வம். நான் பொட்டை அழிக்கிறன்."

"ஐயருக்கு விசரே? கையைத் தூக்கிக்கொண்டு போன மனுசன். அதுக்குப் பிறகு ஆர் என்ன செய்யப்போகினம்? நாளைக்கு ஆள் வந்து நிண்டு, உசிரோடை இருக்கிறவனுக்கோ எள்ளுத் தண்ணி இறைச்சனீங்கள் எண்டு கேட்டால், ஐயரோ பதில் சொல்லுவார்?"

வதனி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே ஜெயமலர் ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்கிறாள். தானும் நம்பித்தான் சொல்கிறாள்.

கைபேசியை வைத்துவிட்டு விளக்கைக் கிட்டே இழுத்தாள். இடுக்கியால் ஒரு கிளர்ச்சிக்காரனின் கைகளைத் தூக்கிப் பிடித்தாள்.

கைகள் மறைத்திருந்த இடத்தில், மார்பில், மெல்லிய பிளவு.

வார்ப்புக் குறையாக இருக்கும்.

அடுத்தவனின் மார்பிலும் இருந்தது. அதற்கடுத்தவனுக்கும். எல்லோருக்கும் ஒரே உயரத்தில். விளிம்புகள் உரசி உரசி மழமழவென்று தேய்ந்திருந்தன.

ஒரு சிப்பாயின் கத்தியைக் கழற்றிப் பிளவில் வைத்துப் பார்த்தாள். அச்சொட்டாக இறங்கியது.

அதை உருவிச் சிப்பாயின் துப்பாக்கியில் திரும்ப மாட்டினாள்.

பிறகு திருகைத் தளர்த்தினாள். கைகளைத் தூக்கும் வட்டைப் பாதிச் சுற்றுத் திருப்பி இறுக்கினாள். கைப்பிடியைச் சுற்றினாள். முக்கால் சுற்றைத் தாண்டி அது வழுக்கிக்கொண்டு போயிற்று.

முதலில் கைகளைத் தூக்க வைக்க வேண்டும். அப்போதுதான் கத்திக்கு வழி கிடைக்கும்.